பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், பிறகு பேசுங்கள்!

"பெரியவங்களுக்கு ஆன்லைன் எல்லாம் வராது சார்" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அரசு இணையதளத்தில் ஒரு விண்ணப்பம் போட முடியவில்லை என்றால், பழி உடனே விண்ணப்பிக்கிறவர் தலையில் விழுகிறது. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வகுப்பில் ஒரு பையன் கணக்கைத் தப்பாகப் போட்டால் அவனைக் கவனிக்க வேண்டும். நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் ஒரே இடத்தில் தப்புப் போட்டால் கேள்வித்தாளைத்தான் திருத்த வேண்டும்.

ஆசிரியர் பயிற்சியில் பாடம் நடத்துவதற்கு முன்பே உற்றுநோக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கடைசிப் பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்து, நடப்பதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். "மாணவனுக்குப் புரியவில்லை" என்று எழுதினால் விரிவுரையாளர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். "எந்த வரியில் நின்றான், அடுத்து என்ன செய்தான், அதை எழுது" என்பார். இன்று கணினித் துறையில் 'யூசர் ரிசர்ச்', பயனர் ஆய்வு என்று பெரிய பெயர் சொல்வதும் இந்த வேலையைத்தான்.

இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். இத்துறையில் பேர்பெற்ற ஜேக்கப் நீல்சன் 2000-லேயே எழுதிவிட்டார்: ஐந்து பேரைப் பயன்படுத்தச் சொல்லிப் பக்கத்தில் இருந்து பார்த்தாலே ஒரு தளத்தின் குறைகளில் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும், திருத்திவிட்டு மறுபடியும் ஐந்து பேரிடம் காட்டுங்கள் என்று. ஐந்து பேருக்கா நம் ஊரில் பஞ்சம்?

ஓய்வூதியர் நண்பர்கள் சிலர் ஒரு தளத்தில் விண்ணப்பம் போட்டபோது நான் பக்கத்தில் இருந்து குறித்தவை இவை. தளத்தின் பெயர் வேண்டாம்.

1. 'கடைசிப் பெயர்' கட்டாயம் என்கிறது. நமக்கு ஏது கடைசிப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்துதான் உண்டு. அதையும் புள்ளியோடு எழுதினால் ஏற்காது.

2. 'தமிழ்' என்ற பொத்தானை அழுத்தினால் மேலே உள்ள தலைப்புகள் மட்டும் தமிழாகின்றன. தப்பு நேரும்போது 'இன்வேலிட் இன்புட்' என்று ஆங்கிலத்தில் வருகிறது. எது தப்பு என்று சொல்வதில்லை.

3. ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்புவதற்குள் பக்கம் காலாவதியாகிவிடுகிறது. எழுதிய அத்தனையும் போச்சு.

4. கேப்சாவில் இருப்பது பூஜ்யமா, 'ஓ' எழுத்தா? கண்புரை ஆபரேஷன் செய்தவரைக் கேட்டுப் பாருங்கள்.

இதை ஒரே பக்கத்தில் எழுதி உரிய இடத்தில் கொடுத்தேன். "சர்வர் பிஸி சார், காலையில சீக்கிரமா போட்டுப் பாருங்க" என்றார்கள். நான்கு குறைகளில் ஒன்றாவது சர்வரைப் பற்றியதா?

கடைசியில் என்ன நடக்கிறது? பிரவுசிங் சென்டரில் வரிசையில் நின்று, முன்பின் தெரியாத பையனிடம் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ஓடிபி அத்தனையும் சத்தமாகச் சொல்கிறோம். "ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள்" என்று வங்கி ஒரு பக்கம் எச்சரிக்கிறது. சொல்லாமல் வேலையே முடியாதபடி தளத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள். நாளை பணம் போனால் அதற்கும் நாம்தான் பொறுப்பு!

"நாங்கள் கருத்துக் கேட்கிறோமே" என்பார்கள். விண்ணப்பம் முடிந்ததும் ஐந்து நட்சத்திரம் வருகிறது, உண்மைதான். ஆனால் அந்த நட்சத்திரம் வரை போய்ச் சேர்ந்தவர்கள் ஜெயித்தவர்கள். பாதியில் விழுந்தவன் எங்கே மதிப்பெண் போடுவான்? பாஸானவர்களை மட்டும் எண்ணிவிட்டு நூறு சதவீதத் தேர்ச்சி என்று பலகை மாட்டுவது போன்ற வேலை இது.

மாற்ற முடியாதா? முடியும். ஓய்வூதியருக்கான மின்னணு வாழ்நாள் சான்றான 'ஜீவன் பிரமாண்' 2014 நவம்பரில் தொடங்கியபோது கைரேகையோ கருவிழியோ வைக்க வேண்டும். வயதாலும் உழைப்பாலும் ரேகை தேய்ந்தவர்கள் திண்டாடினார்கள். நம் சங்கரன்கோவில் தறிக்காரர்களின் விரலைப் பார்த்தால் புரியும். 2021 நவம்பரில் முகம் காட்டினால் போதும் என்ற வழியும் வந்தது. விரலை மாற்றச் சொல்லவில்லை, வழியை மாற்றினார்கள். அதுதான் முறை.

விதி இல்லை என்றும் சொல்ல முடியாது. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009 முதல் இருக்கின்றன; 2023-ல் மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், இணையச் சேவையை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. ஆசிட் வீச்சால் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. தளமோ செயலியோ வடிவமைக்கும்போது, சோதிக்கும் கட்டத்திலேயே பார்வையற்றவர்களைச் சேர்க்க வேண்டும் என்றும் அதில் உத்தரவு இருக்கிறது.

ஆகவே என் கோரிக்கை மூன்றுதான். ஒரு தளத்தைத் திறந்து வைக்கும் முன், அதை எழுதிய பொறியாளரே ஒரு தாலுகா அலுவலகத்துக்கு வந்து ஐந்து பேர் பக்கத்தில் உட்காரட்டும்; உதவக் கூடாது, பார்க்க வேண்டும். பார்த்ததை, யார் எந்தக் கட்டத்தில் நின்றார் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி அதே தளத்தில் வெளியிடட்டும். எதை எப்போது சரிசெய்தோம் என்று அதன் எதிரிலேயே தேதி போடட்டும்.

பிள்ளைகளுக்கும் ஒன்று. வீட்டில் அப்பாவோ அம்மாவோ படிவம் நிரப்பித் தடுமாறினால், "கொடுங்க, நான் போடுறேன்" என்று போனைப் பிடுங்காதீர்கள். எந்த இடத்தில் விரல் நிற்கிறது என்று குறித்து, அந்தத் துறைக்கே எழுதிப் போடுங்கள். ஒரு கடிதத்துக்கு "சர்வர் பிஸி" என்று சொல்லிவிடலாம். ஆயிரம் கடிதம் வந்தால் கேள்வித்தாளைத் திருத்தித்தான் ஆக வேண்டும்.