பெட்டிக்கடையும் பொதுவெளியும்

பழைய தெருக்கடைகளைச் சீரமைத்து மக்கள் கூடும் இடங்களாக மாற்றும் முயற்சிகள் பல நாடுகளில் நடந்துவருகின்றன. போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனில், கைவிடப்பட்டுக் கிடந்த பழங்காலச் சிறுகடைகள் 2009 முதல் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் புதுப்பிக்கப்படும் கடை யாருக்குச் சொந்தம், அங்கே யார் அமர முடியும் என்பவையே அடிப்படைக் கேள்விகள்.

கேரளத்தில் இக்கேள்விகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. பொன்முடி மலைக்குச் செல்லும் வழியிலுள்ள வித்துரா, நெடுமங்காடு வட்டத்தைச் சேர்ந்தது. அந்த நெடுமங்காட்டின் சந்தையில் நுழையும் உரிமைக்காக 1912இல் அய்யன்காளி தலைமையில் புலையர் மக்கள் போராடினர். சந்தையும் சாலையும் தேநீர்க்கடையும் தாமாகப் பொதுவிடங்கள் ஆகிவிடவில்லை. போராட்டமே அவற்றைப் பொதுவாக்கியது.

பின்னர் தேநீர்க்கடைகளே உழைப்பாளிகளின் அரசியல் பள்ளிகளாயின. ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, எழுத்தறியாதோர் கேட்டு விவாதித்தனர். காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடியபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் ஏ.கே. கோபாலனின் வழிகாட்டலில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றைத் தாங்களே நடத்தினர். 1958இல் திருச்சூரில் திறக்கப்பட்ட இந்தியன் காபி ஹவுஸ் அவ்வாறு பிறந்ததே. உண்மையான மீட்டெடுப்புக்கு இதுவே நமது முன்மாதிரி.

இன்றைய நிலை என்ன? 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம், விற்பனைக் குழுக்களில் வியாபாரிகளுக்கு 40 சதவீதத்திற்குக் குறையாத இடம் அளிக்கிறது. ஆனால் அது நகர்ப்புறங்களுக்கே உரியது. வித்துரா போன்ற கிராமப் பஞ்சாயத்துகளின் பெட்டிக்கடைக்காரருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சாலை அகலப்படுத்தலோ, சுற்றுலாவுக்கான அழகுபடுத்தலோ வந்தால் முதலில் அகற்றப்படுவது அவரது கடையே. அவ்விடத்தில் பொன்முடிப் பயணிகளுக்கான விலையுயர்ந்த உணவகம் எழுமானால், போணக்காடு தேயிலைத் தோட்டத்தின் தமிழ்த் தொழிலாளி ஒரு குவளைத் தேநீருக்கும் வெளியே நிற்க நேரும். அது மீட்டெடுப்பு அல்ல, வெளியேற்றம்.

எனவே சட்டத்தின் பாதுகாப்பு கிராமப்புறங்களுக்கும் விரிவாக்கப்பட வேண்டும். பஞ்சாயத்துகள் இருக்கும் கடைகளைக் கணக்கெடுத்து, மாற்றிடம் தந்த பின்னரே எதையும் அகற்ற வேண்டும். புதுப்பிக்கும் கடைகளை அதிக ஏலம் கேட்போருக்கு விடாமல், பழைய வியாபாரிகளுக்கும் குடும்பஸ்ரீ குழுக்களுக்கும் அளிக்க வேண்டும். இருக்கையும் குடிநீரும் நாளிதழும் அங்கே இருக்க வேண்டும். அருகிலுள்ள நூலகங்கள் இதற்குத் துணைநிற்கலாம். இக்கோரிக்கைகளைக் கட்சிக் கிளைகள் கிராம சபைகளில் எழுப்புவது உடனடிக் கடமையாகும்.