கள்ளக் குரலும் ஏழை ரசிகனும்

பின்னணிப் பாடகி ஸ்ரீமதி கே. எஸ். சித்ரா அவர்களின் பெயரையும் படத்தையும் சூட்டிக்கொண்டு, 2025 பிப்ரவரியில் சில எத்தர்கள் டெலிகிராம் மூலம் அவருடைய ரசிகர்களுக்குச் செய்தி விடுத்தனர். 10,000 ரூபாய் முதலீடு செய்தால் ஒரே வாரத்தில் அது 50,000 ரூபாயாகப் பெருகும் என்பது அவர்கள் காட்டிய ஆசை. விஷயம் தெரிந்தவுடன் ஸ்ரீமதி சித்ரா அவர்கள், அக்கணக்கு தம்முடையதல்லவென்றும், ஒருவரும் ஏமாற வேண்டாமென்றும் பகிரங்கமாக எச்சரித்தார். போலீஸாரிடம் புகாரும் செய்தார். அவர் கடமையை அவர் செய்துவிட்டார். சர்க்காரும் கம்பெனிகளும் தங்கள் கடமையைச் செய்துவிட்டனவா என்பதே நாம் கேட்கும் கேள்வி.

இது வெறும் சினிமா வம்பு என்று தேசத் தொண்டர்கள் ஒதுக்கிவிடலாகாது. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் முதலிய ஊர்களிலும், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் வாலிபர்களை எண்ணிப் பாருங்கள். பிரபல பாடகர்களின் கச்சேரிகள் சென்னையில் நடக்கின்றன. அவற்றின் டிக்கட் விலையோ கூலிக்காரனின் பல நாள் ஊதியம். ஆகவே இவர்களுக்குக் கைத்தொலைபேசியே சபை. ரசிகர் குழுவே தோழமை. அபிமானப் பாடகரின் பெயரில் தனியே ஒரு வரி வந்துவிட்டால், அதைப் பெறற்கரிய பேறாகவே கொள்கிறார்கள். அந்த அன்பையே முதலாகப் போட்டு எத்தன் வியாபாரம் செய்கிறான்.

‘படிப்பில்லாதவன் ஏமாறுகிறான், அதற்கு நாம் என் செய்வது?’ என்று கேட்கும் கனவான்கள் உண்டு. 2023ஆம் ஆண்டில் பிராங்க் ஓஷன் என்னும் அமெரிக்கப் பாடகரின் ரசிகர்கள், அவருடைய வெளிவராத பாடல்கள் என்று நம்பிச் சில பாட்டுக்களைப் பல்லாயிரம் டாலர் கொடுத்து வாங்கினார்கள். அவர் குரலைப் பாவனை செய்து யந்திரம் இயற்றிய போலிகள் அவை! அவர் பாட்டை அல்லும் பகலும் கேட்டுப் பழகிய காதுகளே ஏமாந்தன என்றால், படிப்பின்மையைப் பழிப்பதில் பயனென்ன? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்ததை எந்த நாக்கும் கண்டுகொள்ளவில்லை. 60 பேருக்கு மேல் மாண்ட பிறகே மதுவிலக்குச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. நாக்குக்குப் புலப்படாத நஞ்சை விற்றவனை விட்டுவிட்டுக் குடித்தவனை மட்டும் நொந்துகொள்வது நியாயமாகுமா? காதுக்குப் புலப்படாத கள்ளத்திற்கும் அதே நியாயந்தான்.

யந்திரத்தின்மேல் நமக்குப் பகையில்லை. 2024இல் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்தில், காலஞ்சென்ற பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ஆகிய இருவரின் குரல்களையும் ஜனாப் ஏ. ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவு கொண்டு மீண்டும் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் சம்மதம் பெற்று, தக்க ஊதியமும் அளித்ததாக அவர் அறிவித்தார். ஆனால் அதே ஆண்டின் தொடக்கத்தில், ‘கீடா கோலா’ என்னும் தெலுங்குப் படத்தில் தம் தந்தை எஸ். பி. பாலசுப்பிரமணியம் அவர்களின் குரலைச் சம்மதமின்றி உண்டாக்கிவிட்டார்கள் என்று ஸ்ரீ எஸ். பி. சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப நேர்ந்தது. கருவி ஒன்றே, சம்மதம் பெறுவதும் பெறாததுமே தர்மத்திற்கும் களவுக்கும் உள்ள எல்லை.

சட்டத்தின் நிலை என்ன? பெயரும் உருவமும் ஒருவனுக்கே உரியவை என்னும் கொள்கைக்கு, 1994இல் சுப்ரீம் கோர்ட்டு ‘நக்கீரன்’ ராஜகோபால் வழக்கில் அடிகோலிற்று. பாடகர் அரிஜித் சிங்கின் குரலை யந்திரத்தால் பாவனை செய்வதற்குப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தடை விதித்தது. இளையராஜா அவர்களின் பெயரையும் உருவத்தையும் அனுமதியின்றி வியாபாரத்திற்குப் பயன்படுத்துவதற்கு, 2025 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை அளித்தது. இவற்றை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், ஜெயலலிதா அவர்களின் வாழ்க்கையைப் படமாக்கியது சம்பந்தமான வழக்கில் அதே சென்னை நீதிமன்றம் 2021இல் கூறியது, ஒருவருடைய அந்தரங்க உரிமையும் கீர்த்தியும் அவருடனே முடிவன, சொத்தைப்போல் வாரிசுக்கு வருவன அல்ல என்பதாகும். அப்படியாயின், காலஞ்சென்ற பாடகரின் குரலுக்குக் காவல் யார்?

உயிரோடிருக்கும் பாடகருக்காவது உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டப் பணபலமுண்டு. பணத்தைப் பறிகொடுத்த ரசிகனுக்கு என்ன உண்டு? கணினி மூலம் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோனுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆனால் திருடன் பிடிபட்டால்தானே தண்டனை? 2021ஆம் வருஷத்து விதிகளின்படி, ஆள்மாறாட்டத்தை விரைந்து அகற்றும்படி கேட்கும் தனி உரிமை, எவருடைய உருவம் களவு போயிற்றோ அவருக்கும் அவர் சார்பில் பேசுவோருக்குமே உரியது. ஏமாந்தவனுடைய முறையீடு சாதாரணப் புகார்களோடு வரிசையில் நிற்கிறது. சட்டம் பாடகரின் புகழைக் கண்டது; ரசிகனின் கண்ணீரை இன்னும் காணவில்லை.

ஆதாயம் யாருக்கு என்பதையும் சற்று ஆராய வேண்டும். இத்தொழிலை ஆளும் பெரிய கம்பெனிகளில் மிகப் பல கடல் கடந்தவை. முன்னாளில் நமது பருத்தி மான்செஸ்டருக்குப் போய்த் துணியாகத் திரும்பி வந்து, நம் நெசவாளியின் வயிற்றில் அடித்தது. இன்று நமது குரல் போகிறது. யந்திரச் சரக்காகத் திரும்பி வந்து, பாடுகிறவன் பிழைப்பையும் கேட்கிறவன் நம்பிக்கையையும் கெடுக்கிறது. புகழ் பெற்றவர் பெயரில் எவன் கணக்குத் திறந்தாலும் இடங்கொடுத்து, அதில் கூடும் கூட்டத்தைக் காட்டி விளம்பரப் பணம் திரட்டும் கம்பெனி, மோசம் நேர்ந்தவுடன் ‘எமக்குப் பொறுப்பில்லை’ என்று கைகழுவுவதை எந்தச் சுதந்திர தேசமும் பொறுத்துக்கொள்ளலாகாது.

எனவே நமது யோசனை இது. உயிரோடிருப்போர், இறந்தோர் ஆகிய இருவகையினரின் குரலுக்கும் காவலாகப் பார்லிமெண்டு தெளிவான சட்டம் இயற்ற வேண்டும். போலிக் கணக்கைப் பற்றி முறையிட்ட பின்னும் அசட்டையாயிருக்கும் கம்பெனி, அதன் பிறகு ஏமாந்தவனின் நஷ்டத்தை ஈடுசெய்ய வேண்டும். மலைவாசியின் புகாரை, மாவட்டத் தலைநகருக்கு அலைக்கழிக்காமல், அருகிலுள்ள ஸ்டேஷனிலேயே தமிழில் பதிவு செய்ய வேண்டும்.

அதுவரையில் தொண்டர்கள் சும்மா இருக்கலாகாது. பணங்கேட்கும் பாடகர் பாடகரல்லர் என்பதையும், பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டுமென்பதையும் கிராமந்தோறும் சொல்லுங்கள். ஏமாந்தவனைப் பரிகசித்தால் அவன் வெட்கி வாய் மூடுவான். அவன் மௌனமே திருடனுக்கு அரண். அவனைப் பேசச் செய்வதே இன்று நாம் செய்யத்தக்க முதல் தேசப்பணி.