நாற்காலிகளை எண்ணியது போதும், மூட்டுகளைக் கவனிப்போம்

 

பள்ளிவாசல்களில் நாற்காலிகள் பெருகிவிட்டன என்பது நம்மிடையே ஓயாத விவாதம். ஸஃப்பின் ஓரத்தில் போடுவதா நடுவில் போடுவதா, முன்கால் கோட்டில் நிற்பதா பின்கால் நிற்பதா என்று வாதிடுகிறோம். எண்ணூர் முதல் இராயபுரம் வரை வடசென்னையும் இதற்கு விலக்கன்று. ஆனால் அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் முழங்காலுக்கு என்ன ஆயிற்று, அவர் எங்கே சிகிச்சை பெறுகிறார் என்று கேட்பவர் யார்?

நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. ஆயினும் சலுகை சிகிச்சையாகாது. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்களும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே. "வயதானால் வருவதுதானே, ஸப்ரு செய்யுங்கள்" என்று பெற்றோரிடம் சொல்லி நகர்ந்துவிடும் பிள்ளைகள், பொறுமையின் பெயரால் தம் கடமையைத் தட்டிக் கழிக்கிறார்கள்.

வயது மட்டுமே காரணமும் அன்று. எலும்பு முனைகளைப் போர்த்தியுள்ள குருத்தெலும்பு தேய்வதற்கு உடல் எடையும் பழைய காயமும் காரணமாகின்றன; பாரம் தூக்குவதும், முழந்தாளிட்டும் குந்தியும் செய்யும் வேலையும் காரணமாகின்றன. பிரிட்டன் அரசு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் முழங்கால் தேய்வைத் தொழில்சார் நோயாகவே 2009-இல் ஏற்றுக்கொண்டது. துறைமுகத்திலும் கிடங்கிலும் மூட்டை சுமந்த நம் ஊர்ப் பெரியவருக்கோ நாம் 'வயது' என்று தீர்ப்பெழுதுகிறோம். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இந்நோய் இன்னும் மிகுதி. அவர்கள் வீட்டிலேயே தொழுவதால் அவர்களுடைய நாற்காலி எந்த விவாதத்திலும் இடம்பெறுவதில்லை.

சிகிச்சை இல்லாமலா இப்படி? இருக்கிறது, அதற்கு வரிசை முறையும் இருக்கிறது. முதற்படி தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் எடைக் குறைப்பும். ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் ஊன்றுகோல் பிடிப்பது அடுத்த எளிய உதவி. வலிநீக்கிக் களிம்பு, மாத்திரை, மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி ஆகியவை மருத்துவர் சொற்படி. ஊசியின் பலன் சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள். இந்தப் படிகளைத் தாண்டியும் இரவில் உறக்கமும் பகலில் நடையும் கெட்டால்தான் மூட்டு மாற்று அறுவை. முழங்கால் வலி என்று வருபவருக்குச் சில வேளை கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கும். அதைப் பிரித்தறிவது எலும்பு மருத்துவரின் வேலை, எண்ணெய் தேய்ப்பவரின் வேலையன்று.

நாமோ இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். முதலில் பெயரில்லாப் பொட்டலப் பொடி. இத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது கண்டறியப்பட்டுள்ளது. அதை நீண்டநாள் உண்டால் சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும், இடுப்பெலும்பின் தலைப்பகுதி இரத்த ஓட்டமின்றி மடியவும் கூடும். முழங்காலுக்கு வாங்கிய பொடி இடுப்பையும் கெடுத்துவிடுகிறது! பிறகு, விளம்பரம் கண்டு ஒரே தாவலில் அறுவை அரங்கு. மூட்டுக்குள் கருவி விட்டுக் கழுவினால் வலி தீரும் என்பதும் அத்தகைய வாக்குறுதியே. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 நோயாளிகளிடம் செய்து 2002-இல் வெளியான ஆய்வில், அச்சிகிச்சை பெற்றவர்கள் வெறும் தோலைக் கீறித் தைக்கப்பட்டவர்களைவிட நலமடையவில்லை.

அறுவைதான் தேவை என்றானால் அஞ்ச வேண்டாம். ஆனால் கேள்வி கேளுங்கள். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் கோபால்ட் குரோமியம் முழங்கால் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது. மூட்டின் விலையைத் தனியே கேட்டறிவது உங்கள் உரிமை. பொருத்தப்படும் மூட்டின் பெயரையும் எண்ணையும் எழுதி வாங்குங்கள். 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்ட டிபியூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு இந்தியாவில் சுமார் 4,700 பேருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. அவர்களில் பெரும்பாலோரைப் பின்னர் கண்டறியவே இயலவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் கேளுங்கள்: "அறுவைக்குப் பின் நான் தரையில் அமர முடியுமா? ஸஜ்தா செய்ய முடியுமா?" பலருக்கு முழுமையாக முடிவதில்லை. வலி தீரும், நடை மீளும், நாற்காலி தொடரலாம். இதை முன்பே அறிந்தவர் பின்னர் ஏமாற மாட்டார்.

இலட்சக்கணக்கில் வசூல் செய்து தனியார் மருத்துவமனைக்குக் கொட்டுவதற்கு முன், இராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி அரசு மருத்துவமனையை நினைவுகொள்ளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இடுப்பு, முழங்கால் மாற்று அறுவைகள் நடைபெறுகின்றன. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஏழைக்கு இல்லாதது திட்டமன்று. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு உடன் வரும் ஓர் ஆள்.

அந்த ஆளை ஜமாஅத்துகள் தரட்டும். உளூச் செய்யுமிடத்தில் உயரமான இருக்கையும், கழிப்பறையில் மேற்கத்திய கோப்பையும், வாசலில் சரிவுப் பாதையும் அமையட்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் இயன்முறை மருத்துவரை அழைத்து, பெண்களுக்கெனத் தனி ஏற்பாட்டுடன் பயிற்சி கற்பிக்கட்டும். ஜுமுஆ பயானில் ஒரு வாரமாவது இதைப் பேசட்டும்.

நாற்காலி எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்பதை ஆலிம்கள் சொல்லட்டும். அதில் அமர்ந்திருப்பவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நம் அனைவர் மீதும் உள்ள பொறுப்பு.