அப்பாவுக்கு ஒரு மரம் அறுக்கும் மெஷின்

சகோதரிகளே, தீபாவளிக்கு மகள் வீட்டிலிருந்து பிறந்த வீட்டுக்கு என்ன போகும்? அப்பாவுக்கு வேட்டி துண்டு, அம்மாவுக்குச் சேலை, ஒரு தூக்கு நிறையப் பலகாரம். எங்கள் திருப்பூரில் கேட்கவே வேண்டாம், என்னவர் கம்பெனியில் மிச்சப்பட்ட பனியனும் ஒரு கட்டு சேர்ந்து போகும். சென்ற தீபாவளிக்கும் அப்படித்தான் கட்டி வைத்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"பனியன் பொட்டி ரொம்பிக் கெடக்குது அம்மிணி. முடிஞ்சா ஒரு மரம் அறுக்கற மிசினு வாங்கிக் குடு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களிடம் இதுவரை இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்டறியாத மனிதர். வயது 73. இருதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க தினம் மாத்திரை சாப்பிடுகிறவர். அவர் கையில் மெஷின் ரம்பமா?

எங்கள் பூமி காங்கேயம் பக்கம். பாதி தென்னை, பாதி கொறங்காடு. வெளியூர்ச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன்: கொறங்காடு என்பது மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். காங்கேயம் மாடுகள் வளர்வது இந்தக் காட்டில்தான். ஆனால் கிளுவை வருஷா வருஷம் கழித்துவிட்டால்தான் அடர்ந்து நிற்கும். வெள்வேலத்தையும் கவாத்துச் செய்ய வேண்டும். இத்தனை நாள் கொடுவாளும் கோடாலியுமாக அப்பாவே செய்து வந்தார். கூட ஒரு ஆள் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன்.

"ஆளுக எல்லாம் காலைல பனியன் கம்பெனி பஸ்ஸுல ஏறி உங்க ஊருக்கு வந்தர்றாங்க. நான் ஆருக்குப் போறது?"

இதற்கு என்ன பதில் சொல்வது? அந்த பஸ்களில் ஒன்று எங்கள் கம்பெனி வாசலிலும் வந்து நிற்கிறது.

அம்மா தனியாகப் போனில் வந்து, "வாங்கிக் குடுக்காத சாமி" என்றாள். நானும் அந்த முடிவில்தான் இருந்தேன். அப்புறம் அவளே இன்னொன்றையும் சொன்னாள். அப்பா பக்கத்துத் தோட்டத்துப் பெட்ரோல் மெஷினை இரவல் வாங்கி, ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை இழுத்து இழுத்து, மூன்று நாள் தோளைத் தூக்க முடியாமல் கிடந்திருக்கிறார். நான் வாங்கித் தராவிட்டால் அவர் மரம் வெட்டாமல் இருக்கப் போவதில்லை, பொருந்தாத மெஷினில் வெட்டப் போகிறார், அவ்வளவுதான்.

முதலில் போன கடையில், "அப்பாவுக்குக் கிப்டா? நல்லா பெரிசா எடுங்க மேடம்" என்று 58 சிசி இஞ்சின், 22 அங்குலப் பட்டை வைத்த பெட்ரோல் மெஷினைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்கள். என்னால் ஒரு கையால் அசைக்கக்கூட முடியவில்லை. இரண்டாவது கடைக்காரர் வயசாளி. மெஷினைக் காட்டுவதற்கு முன் என்னைத்தான் கேள்வி கேட்டார். யார் ஓட்டப்போகிறார்கள்? எத்தனை கனத்து மரம்? பக்கத்தில் ஆள் இருக்குமா? கண் தெரியுமா, காது கேட்குமா? மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட எங்கள் வீட்டில் இத்தனை விசாரிக்கவில்லை!

அவர் சொல்லி நான் தெரிந்துகொண்டதில் முக்கியமானது ஒன்று. ஓடும் செயினின் முன் நுனி, அதிலும் நுனியின் மேல் பாதி, மரத்தில் பட்டால் மெஷின் கண் மூடித் திறப்பதற்குள் மேல்நோக்கி உதறி, பிடித்திருப்பவர் முகத்துக்கே வரும். இதற்காகத்தான் கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கிறது. உதறும்போது மணிக்கட்டு அதில் பட்டால் செயின் நின்றுவிடும். இந்த பிரேக் இல்லாத மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். பிரேக் இருந்தாலும் ஏணியில் நின்றோ, தோளுக்கு மேலே தூக்கியோ அறுக்கக் கூடாது.

அடுத்தது செயினின் கூர்மை. மழுங்கின அரிவாள்மணைதான் விரலை நறுக்கும் என்பது நமக்குத் தெரியாதா? இதுவும் அப்படியே. கூராக இருந்தால் சீவல் சீவலாக விழும். மாவு மாதிரித் தூள் பறந்தால் அரம் போட வேண்டும் என்று அர்த்தம். தானாக இறங்காத மெஷினைத்தான் ஆள் அழுத்துவார், அழுத்தும்போதுதான் விபத்து.

வீட்டுக்கு வரும் வழியில் டாக்டரையும் பார்த்தேன். ஸ்டென்டுக்கும் மெஷினுக்கும் நேரடிப் பகை இல்லை, ஆனால் அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் சட்டென்று நிற்காது, சுத்தத் துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்றார். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் விஷயம் வேறு. இஞ்சினில் பொறி உண்டாக்கும் பாகத்தின் மின்காந்தம் அதைப் பாதிக்கலாம், கேட்காமல் கிட்டேயே போகக் கூடாது. பெட்ரோல் மெஷினின் அதிர்வில் வருஷக்கணக்காக வேலை செய்பவர்களுக்கு விரல் நுனி வெளுத்து மரத்துப்போகும். சர்க்கரை வியாதியால் ஏற்கெனவே மரத்த கைக்கு அது இன்னும் கெடுதல். சத்தமும் லேசில்லை. 85 டெசிபலுக்கு மேல் தினம் பல மணி நேரம் கேட்டாலே காது கெடும். பெட்ரோல் மெஷின் 100ஐத் தாண்டுகிறது.

டாக்டர் ஒரு வேடிக்கையும் சொன்னார், வேடிக்கை என்று சொல்ல வாய் வரவில்லை. செயின் ரம்பத்தின் மூதாதை பிறந்தது காட்டில் இல்லையாம், பிரசவ அறையில்! 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரண்டு வைத்தியர்கள், இருபுறமும் பிடி வைத்த, பல் வைத்த சின்னச் சங்கிலி ஒன்றைச் செய்தார்கள். குழந்தை வழியில் சிக்கிக்கொண்டால் தாயின் இடுப்பெலும்பு இணைப்பை அதைக் கொண்டு கையால் அறுத்து வழி பண்ணுவார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். இரண்டு சிசேரியன் பண்ணிக்கொண்ட நான் அன்றைக்கு டாக்டருக்கு மனதாரக் கும்பிடு போட்டேன். மரத்துக்கென்று 1926இல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் செய்தது மின்சாரத்தில் ஓடியது. அதைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும்.

கடைசியில் வாங்கியது பேட்டரி மெஷின். 10 அங்குலப் பட்டை, செயின் பிரேக் உண்டு, பேட்டரியோடு சுமார் 4 கிலோ. கயிறு இழுக்க வேண்டாம், பட்டனை அழுத்தினால் ஓடும். செயினுக்கு எண்ணெய் மட்டும் மறக்காமல் ஊற்ற வேண்டும். அப்பாவின் கிளைகளுக்கு இது தாராளம். பட்ட தென்னையைச் சாய்க்க ஆளைத்தான் கூப்பிட வேண்டும். வேலியோரப் பனையைத் தொடவே கூடாது. அதை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள்.

ஒரு பேட்டரி அரை மணிக்கு மேல் தாங்காது, இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் சொன்னார். வேண்டாம் என்றேன். பேட்டரி ஓய்ந்தால் அப்பாவும் திண்ணையில் உட்கார்ந்தாக வேண்டும் அல்லவா?

உடுப்பு விஷயத்தில்தான் பெரிய சண்டை. வேட்டியும் தோளில் துண்டுமாக இந்த மெஷினைத் தொடக் கூடாது, நுனி செயினில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். எங்கள் கம்பெனி டிராக் பேண்டைக் கொடுக்கலாம் என்றால், இறுக்கமாக இருக்குமே தவிர செயினைத் தடுக்காது. இதற்கென்றே காலின் முன்பக்கம் மட்டும் மூடிக் கட்டிக்கொள்ளும் உறை இருக்கிறது. உள்ளே நீள நீளமான நார் அடுக்கு அடுக்காக இருக்கும். செயின் பட்டதும் அந்த நாரெல்லாம் உருவிக்கொண்டு போய்ப் பல்சக்கரத்தில் சுற்றிச் செயினை நிறுத்தப் பார்க்கும். நூலிலேயே பிழைக்கிற ஊர்க்காரிக்கு இது புதுச் செய்தி. ஆனால் முழுக் காவல் என்று நினைக்கக் கூடாது, மீறியும் வெட்டு விழலாம். கண்ணாடி, ஹெல்மெட், கனத்த பூட்ஸ், கையுறை, காதடைப்பு எல்லாம் சேர்ந்து பாதி மெஷின் விலைக்கு வந்தது.

"இத்தனையும் மாட்டீட்டு நிலாவுக்கா போறேன்?" என்று அப்பா தூக்கிப் போட்டார். நான் சொல்லியிருந்தால் போட்டிருக்கவே மாட்டார். என்னவர்தான், "மாமா, நம்ம கட்டிங் மாஸ்டர் 20 வருஷம் சர்வீஸ். இரும்பு வலைக் கையுறை போடாம கட்டிங் மிசினத் தொட மாட்டாருங்க. வேல தெரிஞ்சவங்கதான் போடறாங்க" என்றார். வேலை தெரிந்தவர் என்ற சொல்லுக்கு அப்பா மடங்கிவிட்டார்.

தனியாகப் போகக் கூடாது என்பதற்கு மட்டும் வழி தெரியாமல் இருந்தது. அம்மா கண்டுபிடித்தாள். மெஷின் அப்பாவிடம், பேட்டரி அம்மாவிடம், அவளுடைய பீரோவில். கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினால் அவளும் போனை எடுத்துக்கொண்டு, கிளை விழாத தூரத்தில் நிழல் பார்த்து உட்காருகிறாள்.

போன வாரம் பேசும்போது, "பேட்டரி கேட்டு ரெண்டு தடவ வந்துட்டாரு. நேத்து என்ற கொள்ளுப் பருப்ப உப்பில்லைன்னு சொன்னவருதானே, கொஞ்ச நேரம் நிக்கட்டும்" என்றாள் அம்மா. பின்னால் அப்பா செருமுவது எனக்குக் கேட்டது.