கரையில் கிடந்த குட்டிகள்

தென் அமெரிக்காவில் உள்ள நாடு அர்ஜென்டினா. அதன் கடற்கரையில் வால்டெஸ் தீபகற்பம் இருக்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அந்தக் கரை ஒரு பெரிய பிரசவ ஆஸ்பத்திரி போல் ஆகிவிடும்!

கடல் யானைகள் அங்கே வந்து குட்டி போடுகின்றன. இவை மீன்கள் அல்ல; பால் கொடுக்கும் பிராணிகள். ஆணின் மூக்கு தும்பிக்கை போல் தொங்கும். அதனால்தான் இந்தப் பெயர். தாய் ஒரே ஒரு குட்டி ஈனும். சுமார் 23 நாட்கள் பால் கொடுக்கும். அத்தனை நாளும் தாய் இரை தேடிப் போகாது. பட்டினி கிடந்தே பிள்ளையை வளர்க்கும்.

2023-ம் ஆண்டில் அந்தக் கரையில் பிணங்கள்தான் கிடந்தன. 17 ஆயிரத்துக்கு மேற்பட்ட குட்டிகள் மாண்டன. பிறந்த குட்டிகளில் 100-க்கு 95-க்கு மேல் பிழைக்கவில்லை.

கொன்றது யார்? வேட்டைக்காரன் அல்ல. புயலும் அல்ல. இன்புளூயன்சா கிருமி! கோழிகளைக் கொல்லும் பறவைக் காய்ச்சல் வைரஸ். 'எச்5என்1' என்பது அதன் பெயர்.

வந்த வழி

இந்த வைரசின் மூதாதை 1996-ல் சீனாவின் குவாங்டங் மாகாணத்தில், பண்ணை வாத்துகளிடம் கண்டுபிடிக்கப்பட்டது. மறு ஆண்டு ஹாங்காங்கில் 18 பேரைப் பிடித்தது. 6 பேர் இறந்தார்கள்.

பண்ணையில் இருந்து அது காட்டுப் பறவைகளுக்குத் தொற்றியது. பறவைக்கு எல்லைக் காவல் ஏது? கண்டம் விட்டுக் கண்டம் பறந்தது. 2022-ம் ஆண்டு இறுதியில் பெரு நாட்டை எட்டியது. முதலில் கடற்பறவைகள் செத்து விழுந்தன. பிறகு கடற்சிங்கங்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. நோய் சிலி நாட்டுக் கரையோரமாகத் தெற்கே இறங்கி, அர்ஜென்டினாவுக்குள் புகுந்தது.

விஞ்ஞானிகள் கிருமியைச் சோதித்தார்கள். அது ஒரு பாலூட்டியிடம் இருந்து மற்றொரு பாலூட்டிக்கே பரவியதற்கு அடையாளங்கள் தெரிந்தன. கவலைக்குரிய செய்தி இதுதான்.

மனிதனுக்கு என்ன?

'எங்கோ கடல் யானை செத்தால் மனிதனுக்கு என்ன?' என்று சிலர் கேட்கலாம். மனிதனும் பாலூட்டிதானே!

1979, 80-ம் ஆண்டுகளில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வேறு வகைப் பறவைக் காய்ச்சலால் நூற்றுக்கணக்கான கடல்நாய்கள் இறந்தன. அவற்றை அறுத்துச் சோதித்தவர்களில் சிலருக்குக் கண் நோய் வந்தது. பிறகு குணமாயிற்று. 2009-ல் மனிதரிடையே உலகெங்கும் பரவிய காய்ச்சல் கிருமி, மறு ஆண்டே கலிபோர்னியாக் கடல் யானைகளிடம் காணப்பட்டது. ஆகவே பாதை இரு பக்கமும் திறந்தே இருக்கிறது.

காவல் எங்கே?

கடலில் திரியும் பிராணிகளை எல்லாம் பிடித்து ஊசி போட முடியாது. காவலைப் பண்ணையில்தான் தொடங்க வேண்டும். வளர்ப்புக் கோழி, வாத்துகளோடு காட்டுப் பறவைகள் கலக்காமல் தடுக்க வேண்டும். பறவைகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால் அன்றே அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும். நோய்க்காக அழிக்கப்படும் பறவைகளுக்கு அரசாங்கங்கள் தாமதமின்றி நஷ்டஈடு தர வேண்டும். தராவிட்டால் ஏழைப் பண்ணைக்காரன் நோயை மறைப்பான். மறைத்த நோய் பரவும்.

கடற்கரையிலும் கண்காணிப்பு தேவை. உயிரோடு இருக்கும் பிராணியின் ரத்தத்தைச் சோதித்தால், அது முன்பு இந்த நோயைச் சந்தித்துப் பிழைத்ததா என்று தெரியும். பிணங்கள் குவிந்த பிறகு ஓடுவதைவிட, ஆண்டுதோறும் சோதிப்பதே புத்திசாலித்தனம். அதற்குப் பணம் ஒதுக்கத் தயங்கக் கூடாது.

பொது மக்களுக்கும் கடமை உண்டு. செத்த பறவையையோ, கரை ஒதுங்கிய பிராணியையோ கையால் தொடக்கூடாது. குழந்தைகளையும் நாய்களையும் கிட்டே விடக்கூடாது. அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தால் போதும்.

பட்டினி கிடந்து பால் கொடுத்த தாய்க்கு வால்டெஸ் கரையில் மிஞ்சியது பிள்ளையின் பிணம். அந்த நோய் புறப்பட்ட இடமோ மனிதன் கட்டிய பண்ணை. கொட்டகையிலேயே நோயைத் தடுத்தால் கடலும் பிழைக்கும், வீடும் பிழைக்கும்.