கிணற்றில் விஷமாம்!

1923 செப்டம்பர் 1. ஜப்பானில் பூமி குலுங்கிற்று. டோக்கியோவும் யோக்கஹாமாவும் தீக்கிரையாயின. மாண்டோர் 1 லட்சத்துக்கும் மேல். பட்டினியில் நின்ற மக்களின் ஆத்திரம் யார்மீது பாய்ந்தது? ஆட்சியின்மீதா? இல்லை! "கொரியர் கிணற்றில் விஷமிடுகிறார்கள்" என்று புரளி கிளம்பிற்று. கொரியர் தீ வைப்பதாக உள்துறை அமைச்சகமே தந்தியடித்தது! மூங்கில் ஈட்டியோடு நின்ற தெருக்காவலர், போவோரை மறித்து, "15 யென் 50 சென்" என்று ஜப்பானியத்தில் சொல்லச் சொன்னார்கள். கொரிய நாக்குக்கு அந்த ஒலி எளிதில் வராது. நாக்குப் பிறழ்ந்தவன் பிணம்! பிழைக்க வந்த கூலிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். கமெய்டோ போலீஸ் நிலையத்திலோ பட்டாளம் தொழிற்சங்கத் தோழர்களையே கொன்று போட்டது. பூகம்பத்துக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நாம் கேட்கிறோம். அந்தப் பட்டாளத்தார்மீது வழக்கே இல்லை. மாண்ட கொரியருக்கு ஆண்டுதோறும் நடக்கும் அஞ்சலிக்கு இரங்கல் செய்தி அனுப்புவதையும் டோக்கியோ ஆளுநர் 2017-இல் நிறுத்திவிட்டார்.