28 நாள் தங்கிய பணம்

"வெளிநாட்டுல படிக்கணும்னா வீட்டுப் பத்திரம் வேணும் தம்பி." எங்கள் சேரிப் பையனிடம் பேங்க் மேனேஜர் சொன்னார். நானும் கூடப் போயிருந்தேன். பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகம் அவனுக்கு இடம் கொடுத்துவிட்டது. கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பெரும்பாலும் சொத்து அடமானம் கேட்பார்கள். அவன் அப்பா கொத்து வேலை பார்க்கிறவர். இருப்பது ஒரு காலனி வீடு, நிபந்தனைப் பட்டா. "இதை வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று காகிதத்தைத் தள்ளினார். 1892இல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலமெல்லாம் இன்றைக்கு யார் யார் பெயரில் பத்திரமாக இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கடன் கேட்கப் போனவன் வாய் ஒட்டிக்கொள்கிறது.

அரசு உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55லிருந்து நடக்கிறது. இந்தியா முழுமைக்கும் ஆண்டுக்கு 125 இடம், அதில் பட்டியல் சாதியினருக்கு 115. கட்டணம், விமானச் செலவு போக, பிரிட்டனில் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஆண்டுக்கு 9,900 பவுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2025 ஜூலையில் 106 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கடிதம் கொடுத்தது 40 பேருக்கு. மிச்சம் 66 பேருக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்று பதில். செப்டம்பரில் வகுப்பு தொடங்கிவிடும்!

கடிதம் இல்லாதவன் பிரிட்டன் விசாவுக்கு என்ன செய்ய வேண்டும் தெரியுமா? செலவுக்கான பணத்தைத் தொடர்ந்து 28 நாள் கணக்கில் வைத்துக் காட்ட வேண்டும். வசதியுள்ள வீட்டில் அது அப்பன் போடுகிற ஒரு கையெழுத்து. நம்ம வீட்டில் எந்தப் பணம் 28 நாள் தங்கியிருக்கிறது?

பாபாசாகேப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1913இல் பரோடா மன்னர் கொடுத்த மாதம் பதினொன்றரை பவுண்டில் கொலம்பியா போனார். லண்டனில் படிப்பு பாதியில் நிற்க, 1917இல் உதவித்தொகை முடிந்து திரும்பினார். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததும், கோலாப்பூர் சாகு மகாராஜா கொடுத்ததும், நண்பரிடம் வாங்கிய கடனுமாகச் சேர்த்து மறுபடி கப்பலேற 1920 ஆயிற்று. அவருக்கே மூன்று வருடம் போனது.

இன்னொன்று. 1916இல் கொலம்பியாவில் அவர் வாசித்த கட்டுரை இந்தியச் சாதிகளைப் பற்றியது. 2022இல் ஒன்றிய அரசு போட்ட விதியோ, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்றது. பரோடா மன்னர் கூட இப்படிச் சொல்லவில்லை. நம்ம காசு, நம்ம வரிப்பணம். எதைப் படிக்கணும்னு சொல்ல இவங்க யாரு?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தேர்ந்தெடுத்த அன்றைக்கே கடிதத்தைக் கையில் கொடு. பத்திரம் இல்லாதவனுக்கு வங்கியில் அரசே ஜாமீன் நில்.

பல்கலைக்கழகம் பையனின் இடத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கச் சம்மதித்திருக்கிறது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்றிதழுக்காகத் திங்கட்கிழமை அவனோடு தாலுகா ஆபீஸ் போகிறேன்.